சாமியார்கள் எழுதட்டும்; எங்கள் வீட்டுக் கதையை எழுத வேண்டாம்

எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குப்பேரவை, அதாவது கோயிலைச் சேர்ந்த மக்களின் ஆலோசனைக் குழு, சென்ற முறை கூடியபோது ஒரு தீர்மானம் வந்தது. பங்கில் பணியாற்றும் குருக்கள் முகநூலிலோ யூடியூபிலோ சொந்தமாக எதையும் எழுதவோ பேசவோ கூடாது; அதைத் தடைசெய்யும்படி பேராயருக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். ஞாயிறு முதல் பூசைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து மின்விசிறிகளைப் போட்டு, பாட்டுப் புத்தகங்களைப் பெஞ்சுகளில் எடுத்து வைப்பவர். கோயில்மீது அவருக்கு உள்ள பற்றை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. "ஒரு சாமி ஒன்றை எழுதுகிறார், இன்னொரு சாமி அதை மறுத்து எழுதுகிறார், ஊரே கூடி நின்று வேடிக்கை பார்க்கிறது. திருச்சபையின் மானம் போகிறது, டீச்சர்" என்று என்னைப் பார்த்தே சொன்னார். பலர் தலையாட்டினார்கள்.

நான் எதிர்த்தேன். அதற்குள் மறைக்கல்விப் பிள்ளைகள் வகுப்புக்கு வந்து வாசலில் நின்றுவிட்டார்கள். அறையை விட்டாக வேண்டும். தீர்மானத்தை ஒத்திவைத்த பங்குத்தந்தை, மாற்று வாசகம் ஒன்றை எழுதிக்கொண்டு வரும்படி என்னிடம் சொன்னார். கூட்டத்தில் சொல்ல நேரமில்லாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சவுதி அரேபியாவில், தமாம் நகரத்தில் வேலை செய்கிறான். அந்த நாட்டில் கோயில் கிடையாது. விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு வேலை நாள். மதுரை ஞானஒளிவுபுரத்தில் பிறந்து வளர்ந்து, மணியோசை கேட்டே எழுந்து பழகியவன், ஆண்டு முழுவதும் பூசை காணாமல் இருக்கிறான். தமிழ்நாட்டுக் குரு ஒருவர் ஒவ்வொரு வாரமும் ஞாயிறு நற்செய்தியைப் பற்றி எழுதுவதை அவன் வெள்ளிக்கிழமை காலையில் அறைத் தோழர்களுக்கு வாசித்துக் காட்டுவான். தோழர்களில் இருவர் இந்துக்கள். அவர்களும் உட்கார்ந்து கேட்பார்களாம். ஒருமுறை, இயேசு சொன்ன ஊதாரி மகன் கதையில், திரும்பி வந்த தம்பிக்குத் தந்தை விருந்து வைத்ததற்காக அண்ணன் கோபப்பட்டதில் என்ன தவறு என்று அந்தக் குருவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறான். குடும்பக் கடனை அடைப்பதற்காகப் பாலைவனத்தில் இருக்கும் ஒருவனுக்கு அந்த அண்ணனின் கோபம் புரியத்தானே செய்யும்? மறுநாளே பதில் வந்தது. அண்ணன் விருந்துக்குள் போனானா இல்லையா என்று நற்செய்தி சொல்லாமல் விட்டிருக்கிறது, அந்த இடத்தில் நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள், தந்தை உங்களுக்காகவும் வெளியே வந்து நிற்கிறார் என்று எழுதியிருந்தார். தம்பி அதை எனக்கு அனுப்பினான். என் வாழ்நாளில் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்தபடி கை தூக்கி ஒரு கேள்வி கேட்க எனக்கு வாய்த்ததே இல்லை. அவனுக்கு வாய்த்தது.

இதில் புதுமை அதிகம் இல்லை. மணிலாவிலிருந்து சிற்றலையில் வந்த ரேடியோ வெரித்தாஸ் தமிழ்ப்பணியை என் அப்பா விடாமல் கேட்பார். அஞ்சலட்டையில் கேள்வி எழுதிப் போடுவார். அவர் பெயரை வானொலியில் வாசித்த அன்று தெருவுக்கே காபி கொடுத்தோம். 1963 டிசம்பரில், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்திலேயே, சமூகத் தொடர்புச் சாதனங்களைத் திருச்சபை தன் பணிக்குப் பயன்படுத்த வேண்டும் என்று ஆணை வந்துவிட்டது. 2010-ஆம் ஆண்டு உலகத் தொடர்பு நாளுக்கான செய்தியைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் குருக்களுக்கென்றே எழுதினார்; இணையதளம், வலைப்பூ என்று பெயர் சொல்லி, இவற்றையும் கையில் எடுங்கள் என்றார். கூடவே ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்: ஒரு குரு அங்கே தனித்துத் தெரியவேண்டியது கருவியைக் கையாளும் சாமர்த்தியத்தால் அல்ல, அவருடைய குருத்துவ இதயத்தால். எங்கள் வங்கி அலுவலருக்கு இந்த இரண்டாம் பாதியைப் படித்துக் காட்ட ஆசைப்படுகிறேன். அவருடைய வருத்தத்துக்கு அதில் இடம் இருக்கிறது.

ஆனால் மதுரைக்காரர்கள் இந்தக் கேள்விக்கு ரோமாபுரிவரை போக வேண்டியதில்லை. குருக்கள் எழுதியதால் வந்த நன்மையும் சண்டையும் நம் ஊரிலேயே நானூறு ஆண்டுகளாக இருக்கின்றன. இத்தாலியக் குரு ராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தபோது, இங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற இயேசு சபைக் குரு ஏற்கெனவே இருந்தார். நொபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தனி வீடு எடுத்து, தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். பெர்னாண்டஸுக்கு அது பொறுக்கவில்லை. 1610-இல் மேலிடத்துக்கு நீண்ட குற்றச்சாட்டு எழுதி அனுப்பினார். நொபிலி மறுப்பு எழுதினார். கோவா, கொச்சி, ரோம் என்று கடிதங்கள் கப்பலேறின. 1623 ஜனவரியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நொபிலியின் முறையைப் பெரும்பாலும் அனுமதித்துத் தீர்ப்பளிக்கும்வரை அந்த வழக்கு ஓயவில்லை.

ஒரே சபையைச் சேர்ந்த இரண்டு குருக்கள், ஒரே ஊரில், ஒருவரையொருவர் மறுத்து எழுதினார்கள். இன்று நடந்திருந்தால் ஒரே மாலையில் ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும். அந்த வகையில் கடிதத்தின் தாமதம் நன்மை செய்தது. இரு பக்கமும் முழுமையாக எழுத, படிக்க, நிதானமாகத் தீர்க்க நேரம் கிடைத்தது. ஆனால் பூணூல் போடலாமா, சந்தனம் இடலாமா, உயர்சாதியாருக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனிக் கோயிலா என்றெல்லாம் நடந்த அந்த விவாதத்தில், தனிக்கோயிலால் பாதிக்கப்பட்ட மக்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரியாமலே அவர்கள் வாழ்க்கை விவாதிக்கப்பட்டது. அதன் விளைவைத் தமிழகத் திருச்சபை இன்னும் சுமக்கிறது. தனிக் கல்லறைத் தோட்டங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே, வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று சொல்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. மூடிய அறைக்குள் பேசியபோது யாருடைய மானம் காப்பாற்றப்பட்டது?

குருக்கள் எழுதிய கடிதங்களால் வந்த நன்மையும் பெரிது. இயேசு சபையின் மதுரை மிஷனில் பணியாற்றிய குருக்கள் ஆண்டுதோறும் எழுதி அனுப்பிய அறிக்கைகள் இல்லாவிட்டால் நாயக்கர் காலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி இருக்காது. திருமலை நாயக்கரின் போர்கள், மைசூர்ப் படை பிடித்தவர்களின் மூக்கை அறுத்த கொடுமை, பஞ்சத்தில் மக்கள் பட்ட பாடு எல்லாம் அவற்றில் இருக்கின்றன. 1924-இல் மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதிய ஆர். சத்தியநாத ஐயர் அந்தக் கடிதங்கள் பலவற்றை மொழிபெயர்த்துத் தம் நூலிலேயே பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறார். தெருவில் நடந்ததைப் பார்த்து எழுதிய குருக்கள் அவர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. மதுரை மிஷனுக்கும் முந்தியது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1542 டிசம்பரில் தம் தோழர் பியர் ஃபாவருக்கு ஒரு கடிதம் எழுதினார். செல்லமாகக் கடிந்துகொள்ளும் கடிதம். யார் கேட்டாலும் எடுத்துக் காட்டக்கூடியதை முதன்மைக் கடிதத்தில் எழுதுங்கள். மற்றதைத் தனித் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். முதன்மைக் கடிதத்தை ஒருமுறை எழுதி, பலர் பார்க்கப்போகிறார்கள் என்று எண்ணிப் படித்துத் திருத்தி, மறுபடியும் எழுதுங்கள். பேச்சைவிட எழுத்தில் கூடுதல் கவனம் வேண்டும். எழுத்து நிலைத்து நின்று சாட்சி சொல்லும், பேச்சைப்போல் அதை எளிதில் சரிக்கட்ட முடியாது. இதுதான் அவர் சொன்னதன் சுருக்கம். எல்லாக் குருமடங்களிலும் கணினி அறையின் வாசலில் இதை எழுதி மாட்டவேண்டும் என்பேன்.

மாட்டியிருந்தால் என் பழைய மாணவி ஒருத்திக்கு அந்தத் துன்பம் வந்திருக்காது.

உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமம். ஊரின் பெயரும் அவள் பெயரும் வேண்டாம். கணவன் கொத்தனார், நல்ல தொழிலாளி, ஆனால் குடி. அவள் இரண்டு கறவை மாடுகளை விற்று மகளை நர்சிங் படிக்க வைத்தாள். அங்கிருந்த பங்குத்தந்தை இளைஞர், உழைப்பாளி. வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவர். கணவனிடம் பலமுறை பேசி, மதுரையில் குடிநோய் மருத்துவரிடம் தாமே பஸ்ஸில் அழைத்துப் போனார். கணவன் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தான். மாலையில் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தான். அந்தக் குருவின்மீது எனக்கு அப்போது இருந்த மரியாதை கொஞ்சமல்ல.

பிறகு அவர் அதை எழுதினார். "என் பங்கில் ஒரு சகோதரி" என்று தொடங்கும் பதிவு. பெயர் இல்லை. மாடுகள் இருந்தன, நர்சிங் படிக்கும் மகள் இருந்தாள், சாரத்தில் நின்று குடிக்கும் கொத்தனார் இருந்தார், நள்ளிரவில் அவள் கோயில் வாசலுக்கு ஓடிவந்து அழுததும் இருந்தது. அழகான தமிழ். தமிழாசிரியராக அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. படித்தவர்கள் கண் கலங்கியிருப்பார்கள். நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். ஆனால் அந்தக் கிராமத்தில் நர்சிங் படிக்கும் பெண் உள்ள வீடு ஒன்றுதான்.

டீக்கடையில் யாரோ கைப்பேசியை நீட்டிக் கணவனுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அவன் வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை, அடிக்கவுமில்லை. மறுநாள் முதல் மாத்திரையை நிறுத்திவிட்டான். பங்குத்தந்தை வந்தபோது கதவைத் திறக்கவில்லை. அவள் மதுரைக்கு என்னைத் தேடி வந்து கேட்டாள்: "நான் சாமியிடம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது ஊருக்கெல்லாம் எப்படித் தெரிந்தது, டீச்சர்?"

நான் போய் அவரைப் பார்த்தேன். "பெயர் போடவில்லையே, டீச்சர். இதைப் படித்துவிட்டு வெளியூரிலிருந்து நான்கு குடும்பங்கள் உதவி கேட்டு எழுதியிருக்கின்றன" என்றார். அது உண்மை, எனக்கும் காட்டினார். அன்றே பதிவை எடுத்துவிட்டார். ஆனால் அதன் படம் அதற்குள் எத்தனையோ வாட்ஸாப் குழுக்களுக்குப் போய்விட்டது. அவர் செய்த நல்ல காரியத்தை அவர் எழுதியதே கலைத்துப் போட்டது. அவள் இன்றும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறாள். குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் பஸ் ஏறி வாடிப்பட்டி ஆரோக்கிய அன்னை கோயிலுக்குப் போய்விடுகிறாள்.

பாவசங்கீர்த்தன இரகசியத்தைப் பற்றித் திருச்சபைச் சட்டம் கடுமையாகவே பேசுகிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 983-ஆம் எண், எந்தக் காரணத்துக்காகவும், எந்த வகையிலும், அறிக்கையிட்டவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிறது. அடுத்த எண் இன்னும் ஒருபடி மேலே போகிறது: இரகசியம் வெளிப்படும் ஆபத்தே இல்லாவிட்டாலும், அங்கே அறிந்ததை அவருக்குப் பாதகமாகப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் அவள் பேசியது திண்ணையில். அந்தச் சட்டம் திண்ணைக்கு வருவதில்லை. 220-ஆம் எண் ஒவ்வொருவரின் நற்பெயரையும் அந்தரங்கத்தையும் காக்கச் சொல்கிறது. அதுவோ பொதுப்படையான வாக்கியம், ஒரு பதிவை எழுதி முடித்துப் பெருமிதத்தோடு இருக்கும் நேரத்தில் யாருக்கும் அது நினைவுக்கு வராது.

இதற்கு முன்பும் சாமியார்கள் பிரசங்கத்தில் கதை சொல்லத்தான் செய்தார்கள். "முன்பு நான் இருந்த பங்கில் ஒரு பாட்டி இருந்தார்" என்றுதான் எல்லாக் கதையும் தொடங்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் வந்துவிடும்; பாட்டி இருக்கும் ஊருக்கும் கதை கேட்கும் ஊருக்கும் நடுவில் நாற்பது மைல் இருக்கும். அந்தத் தூரம்தான் பாட்டியைக் காத்தது. யாரும் அதை விதியாக எழுதி வைக்கவில்லை, தானாக நடந்தது. இணையத்தில் அந்தத் தூரம் இல்லை. முந்தைய பங்கும், அதற்கு முந்தைய பங்கும், பாட்டியின் பேரனும் அதே பக்கத்தைத்தான் படிக்கிறார்கள். குருமடத்தில் மறையுரை சொல்லக் கற்றுக்கொண்ட பழைய பழக்கத்தோடு இணையத்துக்கு வருகிறவர்களுக்கு இந்த மாற்றத்தை யாராவது உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

ஆயரின் முன் அனுமதி இருந்தால் போதும் என்று கூட்டத்தில் இன்னொருவர் சொன்னார். சட்டத்தில் அதற்கும் இடம் இருக்கிறது. துறவற சபையினர் சமயம், ஒழுக்கம் பற்றிய நூல்களை வெளியிடத் தங்கள் மேல்தலைவரின் அனுமதி பெறவேண்டும். ஆனால் தணிக்கை செய்பவர் கோட்பாட்டுப் பிழையைத்தான் தேடுவார். நான் சொன்ன அந்தப் பதிவில் கோட்பாட்டுப் பிழை ஒன்றுகூட இல்லை. பேராயர் இல்லத்தில் எத்தனை பேர் படித்திருந்தாலும் முத்திரை குத்தி அனுப்பியிருப்பார்கள். அந்தக் கிராமத்திலிருந்து ஒரே ஒரு பெண் முன்கூட்டிப் படித்திருந்தால், முதல் பத்தியிலேயே "சாமி, இது யார் வீடு என்று தெரிந்துவிடும்" என்று சொல்லியிருப்பாள்.

வெறுப்பைக் கொட்டுகிற குருக்களும் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவில் ஃபிராங்க் பவோனே என்பவரை, சமூக ஊடகங்களில் தெய்வ நிந்தனையாக எழுதியதற்காகவும் ஆயருக்குத் தொடர்ந்து கீழ்ப்படியாததற்காகவும் 2022-இல் வத்திக்கான் குருத்துவ நிலையிலிருந்தே நீக்கியது. மறு ஆண்டு மே மாதம் வத்திக்கான் தொடர்புத் துறை வெளியிட்ட ஆவணம், ஆயர்களும் குருக்களும்கூடப் பிளவை வளர்க்கும் பதிவுகளைப் பகிர்கிறார்கள் என்று வெளிப்படையாகவே வருந்தியது. அப்படிப்பட்டவர்களை நிறுத்த வழி இருக்கிறது, நிறுத்தியும் இருக்கிறார்கள். அவர்கள் பொதுவெளியில் எழுதுவதால் அந்தத் தவறு நம் கண்ணுக்கும் தெரிகிறது. நல்ல மனத்தோடு எழுதி ஓர் ஏழைப் பெண்ணைக் காயப்படுத்துகிறவரை நிறுத்த இதுவரை ஒரு வழியும் இல்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

எல்லோரும் வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த ஸ்டான் சுவாமி அடிகளை நினைத்துப் பாருங்கள். ஜார்க்கண்டில் ஆதிவாசி மக்களின் நிலத்துக்காகவும், விசாரணைக் கைதிகளாகச் சிறையில் கிடந்த இளைஞர்களுக்காகவும் எழுதிக்கொண்டே இருந்தவர். 2020 அக்டோபர் 8-ஆம் தேதி கைதுசெய்யப்படுவதற்குச் சற்று முன்னால், கேமராவைப் பார்த்து அமைதியாகத் தம் பக்கத்து நியாயத்தைப் பேசிப் பதிவுசெய்தார். 2021 ஜூலை 5-ஆம் தேதி, 84 வயதில், காவலில் இருக்கும்போதே இறந்தார். எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுவில், அந்தக் காணொளியைப் போட்டுப் பார்த்தோம். படிக்காத பெண்களும் அவர் பேசிய ஆங்கிலம் புரியாமலே அழுதார்கள். நான் தமிழில் சொன்னேன். சொந்தமாக எதையும் பேசக் கூடாது என்று எங்கள் தீர்மானத்தைப்போல ஒன்று அவர்மீது இருந்திருந்தால், வழக்குப் போட்டவர்களின் பக்கம் மட்டுமே நமக்கு வந்து சேர்ந்திருக்கும்.

குருக்கள் எழுத எவ்வளவோ இருக்கிறது. செபிக்க முடியாமல் போன தங்கள் இரவுகளைப் பற்றி எழுதட்டும். தங்கள் வாழ்க்கை அவர்களுடையது, அதை எழுத யாரையும் கேட்கவேண்டியதில்லை. நற்செய்தியை எழுதட்டும். கோயில் எந்த ஆண்டு யார் உழைப்பில் எழுந்தது என்று பழைய பதிவேடுகளைப் பார்த்து எழுதட்டும். சாதியைப் பற்றிக் கட்டாயம் எழுதட்டும். பங்கின் வரவு செலவுக் கணக்கையும் போடலாம். அதைக் கேட்டால் மட்டும் ஏன் எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, அதைத் தனியாக எழுதுவேன்.

நான் எழுதி வைத்திருக்கும் மாற்று வாசகம் இது: "நம் பங்கில் பணியாற்றும் குருக்கள் பொதுவெளியில் தங்கள் பெயரில் தாராளமாக எழுதவும் பேசவும் இந்தப் பேரவை அவர்களை வேண்டிக்கொள்கிறது. பங்கு மக்களில் ஒருவரது வாழ்க்கையை, பெயர் இல்லாமலும்கூட, அவருடைய சம்மதம் இல்லாமல் எழுதுவதில்லை என்று அவர்கள் நமக்கு வாக்குத் தரும்படியும் கேட்டுக்கொள்கிறது. பங்கைப் பற்றிய எந்தப் பதிவையும் வெளியிடும் முன்பு, பேரவை தெரிந்தெடுக்கும் ஒரு பொதுநிலைப் பெண் (துறவியல்லாத சாதாரணப் பங்குப் பெண்) படித்துப் பார்ப்பார்."

வங்கி அலுவலரிடம் இதைக் காட்டினேன். முதல் வாக்கியத்தில் "தாராளமாக" என்பதை எடுத்துவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், பேச்சு நடக்கிறது. இன்னொன்று எனக்கே முடிவாகவில்லை: இறந்தவர்களைப் பற்றி எழுதலாமா? அடக்கப் பூசையில் சாமியார் சொல்லும் நினைவுகள் பல குடும்பங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கின்றன. ஆனால் இறந்தவரிடம் சம்மதம் கேட்க முடியாது. பிள்ளைகள் சம்மதித்தால் போதுமா, அவர்களுக்குள்ளேயே ஒத்துவராவிட்டால் என்ன செய்வது? இதைப் படிக்கும் குருக்கள் யாராவது தங்கள் பங்கில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று எனக்கு எழுதினால் வாசகத்தில் சேர்த்துக்கொள்வேன். பேரவை அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும் கூடுகிறது.